டிக்கெட் இலவசம், படி தனி

கோலியனூர் கூட்டுரோட்டில் நின்றால் புதுச்சேரிக்கும் போகலாம், பண்ருட்டிக்கும் போகலாம். சக்கர நாற்காலியில் வந்தவர் என்றால் கூட்டுரோட்டிலேயே இருக்கலாம். காற்று நன்றாக வரும்.

அரசைக் குறை சொல்ல முடியாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. உள்ளே பெயர் எழுதிய இருக்கை வேறு காத்திருக்கும். "ஏறி உட்காருங்கண்ணே, உங்க சீட்டுதான்" என்பார் நடத்துனர், மனசார. ஏறுவதுதானே சங்கதி? பேருந்து, ரயில், நிறுத்தம் எல்லாவற்றிலும் வசதி வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. சட்டம் ஏறிவிட்டது, ஆள் இன்னும் கீழேதான். சென்னைக்காரர்களுக்கு நீதிமன்றப் படி ஏறிய பிறகு 2024-இல் தாழ்தளப் பேருந்து வந்தது.

சரி, விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் வண்டியின் கோடியில், கார்டு பெட்டியை ஒட்டி இருக்கும். நடக்க முடியாதவர்தான் பிளாட்பாரத்தில் அதிக தூரம் போக வேண்டும். யார் யோசித்ததோ!

எப்படியோ சென்னை சேர்ந்தால் மெரினா. சக்கர நாற்காலி கடல்வரை போக, பல ஆண்டு கேட்டுக் கிடைத்த மரப்பாதையை 2022 நவம்பரில் திறந்தார்கள். அன்று அலையில் கால் நனைத்தவர்களின் சிரிப்பைப் பார்த்திருந்தால் புயலே திசை மாறியிருக்கும். பார்க்கவில்லை போலிருக்கிறது, அடுத்த மாதமே மாண்டஸ் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டுப் போனது. துணைக்கு ஆளில்லாமல், படி ஏறாமல், கடலிலிருந்து நேரே.