சங்குப்பூப் பால்தேநீர்: அடுக்கும் கலக்கமும்

கண்ணாடித் தம்ளரின் அடியில் பாலும், இடையில் பனிக்கட்டியும், மேலே நீலச் சாறும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்படி வீட்டில் செய்யப்படுவதும், விருந்தினர் முன் வைக்கப்பட்டவுடன் குடிக்கப்படாமல் முதலில் கைப்பேசியால் படமெடுக்கப்படுவதுமான குளிர்பானமே இக்கட்டுரையில் 'சங்குப்பூப் பால்தேநீர்' எனப்படுகிறது. இப்பெயரைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றமே. சங்கு இதில் இல்லை. பூ வடிகட்டி எறியப்படுகிறது. தேயிலையோ சேர்க்கப்படுவதே இல்லை. ஆகவே பெயருக்கு நேர்மையாக நடந்துகொள்வது பால் ஒன்றுதான். 'சங்குப்பூவால் ஆகிய பால்தேநீர்' என விரித்து, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணம் கூறிவிடலாம் எனினும், இத்தொகையில் மறைந்து நிற்பவை உருபும் பயனும் மட்டுமல்ல, தேயிலையும்தான் என்பது இலக்கண ஆசிரியர்கள் எதிர்பாராத நிலையாகும். இருப்பினும், காப்பிக்கொட்டை ஒன்றுகூடச் சேராத கருப்பட்டிக் கஷாயத்தைச் சுக்குக் காப்பி என்று தயங்காமல் அழைத்துவரும் மொழியில் இதனைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. பெயரைக் காப்பாற்றும் கடமையுணர்ச்சியால் உண்மையான தேயிலையையும் சேர்ப்பவர்கள், அதன் செம்பழுப்பும் பூவின் நீலமும் கூடி, மழைக்காலத்து வாய்க்கால் நீரின் நிறத்தைப் பெறுவார்கள்.

இனிப் பூவைப் பற்றி. வேலியிலும் கோயில் நந்தவனத்திலும் கேட்பாரின்றிப் படரும் இக்கொடி, அவரையும் பட்டாணியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. காக்கணம் என்றும் இதற்குப் பெயருண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் செருவிளை, கருவிளை என அடுத்தடுத்து நிற்கும் இரண்டும் முறையே இதன் வெள்ளை வகையும் நீல வகையும் என்று பொருள் கொள்ளப்படுகிறது. அப்பட்டியலில் உள்ள பூக்களையெல்லாம் பறித்துப் பாறையில் குவித்த தலைவியும் தோழியும் அவற்றில் ஒன்றைக்கூடப் பாலில் இடவில்லை என்பது குறிக்கத்தக்கது. அக்காலத்தில் பனிக்கட்டி கிடைக்காமையே இதற்குக் காரணமாகலாம். 1753இல் இச்செடிக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ், சிற்றினப் பெயரை இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தெர்னாத்தே தீவிலிருந்து எடுத்தார். பேரினப் பெயரையோ, பூவின் வடிவத்தைக் கண்டு, பெண்ணுடலின் ஓர் உறுப்பிலிருந்து எடுத்தார். 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் சிலர் இதற்கு முகஞ்சுளித்தனர். விருந்தினருக்குப் பரிமாறப்படும் பானத்தைப் பற்றிய கட்டுரை என்பதால் அவ்விவாதம் இங்கே விரிக்கப்படவில்லை.

பூவைக் குவளைக்குள் கொண்டுவந்த பெருமை தென்கிழக்காசியருடையது. மலேசியாவின் கிளந்தானில் 'நாசி கெராபு' எனப்படும் சோறு இப்பூவால் நீலமாக்கப்படுகிறது. தாய்லாந்தில் 'அஞ்சன்' என வழங்கும் இதன் சாறு குளிர்பானமாகும்; குழந்தைகளின் புருவம் கருத்து வளர வேண்டுமென்று இதழைத் தேய்த்துவிடும் வழக்கமும் அங்கு உண்டு. புருவத்துக்கு மை, பெயரோ அஞ்சன். அஞ்சனம் என்னும் சொல்லை அறிந்த தமிழ் ஆய்வாளர் இந்த இடத்தில் தம் கையை அடக்கிக்கொள்வது கடினம் என்றாலும், அடக்கிக்கொள்வதே முறை.

நீலத்துக்குக் காரணம், இச்செடியின் சிற்றினப் பெயரையே தாங்கிய டெர்னாட்டின்கள் எனப்படும் நிறமிகள். பூக்களுக்கும் பழங்களுக்கும் சிவப்பு, ஊதா, நீல நிறங்களைத் தரும் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்த இவை, நீரின் புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறும். எலுமிச்சை பிழிந்தால் கத்தரிப்பூ நிறமும், சமையல் சோடா சிறிது இட்டால் பச்சையும் தோன்றும். விருந்தினரை வியக்கவைக்க வல்லது இந்த நிறமாற்றமே. ஆனால் பால்தேநீரின் துயரமும் இங்கேதான் பிறக்கிறது. பாலின் பிஹெச் அளவு, அதாவது புளிப்பைக் காட்டும் எண், ஏறத்தாழ 6.7, அந்த அளவில் நீலம் நீலமாகவே இருக்கும். நிறம் மாறும் அளவுக்குப் புளிப்பேற்றினாலோ, 4.6ஐ நெருங்கும்போதே பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் திரண்டுவிடும். ஆகவே, நிறம் மாறும் பானமும் பால் சேர்ந்த பானமும் ஒரே தம்ளரில் வாழ இயலாதவை. இரண்டையும் ஒருங்கே விரும்புபவர் அடைவது நீலப் பனீர்.

செய்முறை எளிது, இடறுமிடம் ஒன்றே. அன்று பூத்த நீலப் பூக்கள் பதினைந்தின் பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளி நீக்கி (நீக்காவிடில் அவரைக்காய் வேகவைத்த நீரின் வாடை எழும்), கொதித்து இறக்கிய ஒரு தம்ளர் நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, ஆறவிட்டுக் குளிரவைக்க வேண்டும். கொடியில் காய் கிடைக்கிறதென்று அதன் விதையையும் சேர்த்துவிடலாகாது, விதை பேதியாக்கும். அடுத்தது அடுக்குதல். இடறுமிடம் இதுவே. பால் நீரைவிடச் சற்றே கனமானது, ஒரு மில்லிலிட்டருக்கு 1.03 கிராம் அளவில் நிற்பது. இந்தச் சிறு வேறுபாட்டை நம்பி நீலச் சாற்றில் சர்க்கரையைக் கரைத்துவிடுபவர், சாறு பாலைவிடக் கனத்துப்போய், மேலே நிற்க வேண்டிய வானம் பாலைத் துளைத்துக்கொண்டு அடிக்கு இறங்குவதைக் காண்பார். சர்க்கரை எங்கே இருக்கிறதோ அதுவே அடி என்பது இத்துறையின் முதல் விதி. எனவே சர்க்கரை முழுவதையும் பாலில் கரைத்தோ, சர்க்கரையும் கெட்டித்தன்மையும் முன்பே கூடிவந்த டின்பாலைப் பாலுடன் கலந்தோ தம்ளரின் அடியில் ஊற்றி, மேலே பனிக்கட்டிகளை நிரப்பி, சர்க்கரையில்லாத சாற்றைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிட வேண்டும். பனிக்கட்டி இங்கே குளிர்ச்சிக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. விழும் சாற்றின் வேகத்தைத் தாங்கும் படிக்கட்டாகவும் அது பணியாற்றுகிறது.

சுவையைப் பற்றிச் சொல்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஐயமுள்ளோர், நீல நிறமியற்ற வெள்ளைச் சங்குப்பூவைக் கொண்டு இதே பானத்தைச் செய்து ஒப்பிடலாம். சுவையில் வேறுபாடு காண்பது அரிது, ஆனால் படமெடுக்க எவரும் கைப்பேசியை எடுக்கமாட்டார்கள்.

அருந்தும் முறையில் மூன்று மரபுகள் உள்ளன. கலக்குவோர் மரபு, இனிப்புச் சமமாகப் பரவ வேண்டும் என்னும் நியாயமான நோக்கத்தோடு கரண்டியை இடுகிறது. அரை மணி நேர உழைப்பு மூன்று சுற்றில் முடிந்து, துணி அலசும் வாளியில் சொட்டு நீலம் விட்டதும் எழும் அதே நிறம் தம்ளரில் எழுகிறது. இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் தம்ளரை எட்டத் தள்ளி வைப்பதும் இயல்பே. உறிஞ்சுகுழல் மரபினருக்கு முதலில் தித்திப்புப் பாலும் முடிவில் சப்பென்ற நீல நீரும் கிட்டுகின்றன. மூன்றாவது, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் தொன்மையான மரபு. இதில் வரிசை தலைகீழாகிறது: முதலில் சப்பென்ற நீலம் வருகிறது; அருந்துபவர் ஏமாந்து தம்ளரை மேலும் சாய்க்கிறார்; பனிக்கட்டிகள் திரண்டு மூக்கின்மேல் சரிகின்றன; பாலும் நீலமும் வாய்க்குப் பாதி, சட்டைக்குப் பாதியாகப் பங்கிடப்படுகின்றன. இம்மரபுக்கு உரிய கலமான எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினால் அடுக்குகள் வெளியே தெரியமாட்டா என்பதால், அடுக்கும் உழைப்பையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம்.

வெள்ளை வேட்டியில் சிந்திய துளி சங்குப்பூவினுடையதா, சலவையில் முன்பே தங்கிய சொட்டு நீலத்தினுடையதா என்னும் வினா இதிலிருந்து எழுகிறது. கறையின்மேல் எலுமிச்சைச் சாற்றை ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். கத்தரிப்பூ நிறம் தோன்றினால் சங்குப்பூ எனத் தெளியலாம். இச்சோதனையை வேட்டிக்கு உரியவர் வெளியே சென்றிருக்கும்போது நிகழ்த்துவது நலம்.