ஜாகுவாருக்கு ஏசி

1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்புக்கு இப்போது ஏசி மாட்டுகிறார்கள். மணிக்கு 150 மைல் பறக்கும் என்று பெயரெடுத்த வண்டி. டிராபிக்கில் நின்றால்தான் இன்ஜின் கொதிக்கும். அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னாலேயே, வெப்பத்தைக் கக்கும் ஏசி கண்டென்சரை நிறுத்தியாக வேண்டும். ஓட்டுபவர் குளிர்வார், இன்ஜின் வியர்க்கும். சரி, பெரிய ரேடியேட்டர், கூடுதல் ஃபேன். அதற்குக் கரண்ட் கொடுக்கப் பழைய டைனமோவால் ஆகாது, ஆல்டர்னேட்டர் வாங்கு. கம்ப்ரசர் வேறு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் பலத்தில் பங்கு கேட்கும். கடைசியில், டாஷ்போர்டுக்கு அடியில் முழங்காலை இடிக்கிற கறுப்புப் பெட்டியிலிருந்து குளிர்காற்று வரும். வந்த சுருக்கில் துணிக்கூரை இடுக்கு வழியே வெளியேறியும் விடும். உரிமையாளருக்கு வருத்தமில்லை. வெயில் நன்றாக அடித்தால் கூரையை மடக்கிவிட்டுத்தான் கிளம்புவார். அசல் அனுபவம் கெடக்கூடாதாம்.