நீலக்கயிற்றின் மகிமை

பட்டுக்குப் பேர்போன ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிறது. எங்கள் ஆரணி, பொன்னேரிக்கு மேற்கே ஆரணியாற்றங்கரையில். அந்தப் பட்டு ஆரணியில் நெய்த புடவையைப் பேத்தி காலம்வரை பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பொருளைக் கட்டிக்கொண்டு அழும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பற்றறுக்கப் பழகிய தெரு எங்களுடையது. பழக்கிவிட்ட குரு, மொட்டைமாடியில் கட்டியிருக்கும் நீலக்கயிறு.

முதலில் குருவின் அடக்கம். கடையில் "நைலான் கயிறு குடுங்கண்ணே" என்று கேட்டால், 'என் பெயர் பாலிபுரோப்பிலீன்' என்று முறைக்காமல் கூடவே வந்துவிடும். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் போதும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், இது மிதந்து உண்மையைச் சொல்லிவிடும். அப்படிச் சோதித்து அதன் மனத்தைப் புண்படுத்த எங்களில் யாருக்கும் துணிவு வந்ததில்லை.

அடுத்து தாராளம். தண்ணீரைவிட இலேசான சரக்கு. ஒரே பருமனில் எடைக்கு வாங்கினால், பாலியெஸ்டர் தரும் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தரும். நீளத்தில் கொடுத்ததை ஆயுளில் கழித்துக்கொள்ளும். கணக்கில் ஒரு பைசா பிசகாது.

ஒரு கோடை வெயில் பட்டால் அதன் ஞானம் வெளிப்படும். நீலம் வெளுக்கும், இழை பிரியும், தொட்ட கைக்கெல்லாம் திருநீறு கொடுக்கும். புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது என்று படித்தவர்கள் குறை சொல்வார்கள். சங்கிலி அறுவதற்குப் பெயர்தானே விடுதலை?

ஊர் ஒற்றுமைக்கும் அது பாடுபட்டிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவோடு மூன்று வருடம் பேசாதிருந்த என் அம்மா, கொடி அறுந்து பறந்துபோன போர்வையை வாங்கப் போய்த்தான் சமாதானமானார்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதைப் பார்க்கும் ஆசையில் பின்னாளில் எங்கள் மாடியில் நெட்டைக் குழாய் நட்டு, உச்சியில் அலுமினிய ஆன்டெனா மாட்டி, நாலு பக்கமும் இதே நீலக்கயிற்றை இழுத்துக் கட்டினோம். இன்று அதே குழாயில் இன்டர்நெட் ஆன்டெனா. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது, மரங்கள் மரியாதை தெரியாமல் எதிர்த்து நின்று முறிந்தன. எங்கள் கயிறோ, காற்று வாய் திறந்து கேட்பதற்கு முன்பே வழிவிட்டு, குழாயைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் பக்குவமாகச் சாய்த்தது.

கறுப்புப் பாலியெஸ்டர் கயிறு இருக்கிறதே, அது சுத்தப் பிடிவாதம். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் பொடியாகாது. நனைந்தால் நைலானைப்போலத் தொய்யாது. ஆன்டெனாவைத் திசை மாறவும் விடாது. இரும்புக் கம்பியைப்போல அலைவரிசையில் மூக்கை நுழைக்கவும் தெரியாது. கட்டியவர் மாடி ஏற ஒரு சாக்குக்கூட மிச்சம் வைக்காத கயிறு எதற்கு?

முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதிவரை குறையலாம். அதனால் தாங்க வேண்டிய பளுவைப்போல ஐந்து, பத்து மடங்கு பலமுள்ளதை வாங்கு என்பார்கள் கணக்குப் பார்ப்பவர்கள். நாங்கள் கலை உள்ளவர்கள். அறுந்த இடத்தில் ஒரு முடிச்சு, அதற்குப் பக்கத்தில் துணைக்கு ஒன்று. எங்கள் கொடியைத் தூரத்தில் நின்று பார்த்தால் ருத்திராட்ச மாலை.

எங்கள் ஆறு போய்ச் சேரும் பழவேற்காட்டில் மீனவர்கள் கயிற்றைத் திருகிப் பார்த்து, இது எந்தச் சரக்கு என்று விசாரித்து, மிதக்கிற கயிற்றை மிதக்கிற வேலைக்கே வைக்கிறார்கள். பிழைப்பு அதில் இருக்கிறதாம். எங்களுக்கு அதில் இருப்பது ஆன்டெனாவும் அரை டஜன் லுங்கியும்தானே!

போன வாரம் கடைக்காரர் கறுப்புச் சுருள் ஒன்றை எடுத்துப் போட்டார். "கொஞ்சம் விலை கூட சார். ஆனா நாலஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. வருடம் தவறாமல் வருகிற மனிதனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது? வழக்கம்போல நீலத்திலேயே இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னேன். எது அறுந்தாலும் கடைக்கும் எனக்கும் உள்ள பந்தம் அறுந்துவிடக் கூடாது, பாருங்கள்.