மெழுகுத்திரியும் வாசனைச் சவுக்காரமும்

பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, சூரிய பகவான் ஆண்டு முழுவதும் விடுப்பெடுக்காமல் உத்தியோகம் பார்க்கும் ஜொகூர் மாநிலத்தில், மின்விசிறி நின்றால் மூச்சும் நின்றுவிடுமோ என்று அஞ்சி வாழும் ஸ்கூடாய்வாசிகளாகிய நாம், ரொக்கப் பணம் கொடுத்து நெருப்பை வாங்கி, அதைக் கூடத்து மேசைமேல் ஏற்றிவைத்து, லவண்டர் மணம் வருகிறதா என்று முகர்ந்து பார்க்கும் நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பது, பிற்காலத்தில் யாரேனும் ஒரு சரித்திர ஆசிரியர் சாவகாசமாக ஆராய வேண்டிய விஷயம். மெழுகுத்திரி, குளிர்தேசத்தார் தங்கள் நீண்ட இரவுகளுக்குக் கண்ட பரிகாரம். நமக்கோ ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. குளிர் என்பது பேரங்காடிக்குள் மட்டும் இருக்கிறது. அப்படியிருந்தும், தாமான் உங்கு துன் அமினாவிலோ தாமான் யூனிவர்சிட்டியிலோ இன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால், தாம்பூலப் பையில் தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் சிறு கண்ணாடிக் குப்பியில் வாசனை மெழுகு இருக்கிறது. தீபாவளிக்கு மைசூர்பாகு கொண்டுவந்த உறவினர் இப்போது கைவினைச் சவுக்காரம் கொண்டுவருகிறார். இரண்டும் சதுரமாக, இரண்டும் மஞ்சளாக, இரண்டும் பட்டுக் காகிதத்தில் சுற்றப்பட்டு வருவதால், கண்பார்வை குறைந்த வயோதிகர்கள் இருக்கும் வீடுகளில் இது அபாயகரமான மாறுதல் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வீட்டுக்குள் இந்த மோகம் ஒரு பேரங்காடியின் வழியாக நுழைந்தது. அங்கே கையடக்கமான ஒரு குப்பி மெழுகின் விலை எண்பது வெள்ளிக்கு மேல். ஒரு சிங்கை வெள்ளிக்கு நம்முடைய மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிற காரணத்தால், பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அது மலிவு. வைகறையில் எழுந்து அதே பாலத்தை எதிர்த்திசையில் கடந்து வேலைக்குப் போகிற நம்மவர்களுக்குச் சம்பளம் வந்த வாரத்தில் மட்டும் மலிவு. ஓய்வூதியக்காரனாகிய எனக்கோ எந்த வாரத்திலும் மலிவன்று. ‘மழைக்குப் பின் வனம்’ என்பது அந்த வாசனையின் திருநாமம். பிற்பகலில் மழை பெய்வதை வழக்கமாகக் கொண்ட ஊரில், மழைக்குப் பின் வருகிற மணத்தைப் பின்கதவைத் திறந்தாலே பெறலாம், கூடவே சாக்கடையின் மணமும் இலவசமாகக் கிடைக்கும் என்று நான் பணிவுடன் விண்ணப்பித்துக்கொண்டேன். என் மனைவி அந்த விண்ணப்பத்தை நிராகரித்தாள். ஆயினும் குப்பியை வாங்கவில்லை.

“இதுல என்னங்க இருக்கு? மெழுகு, திரி, வாசனை. நாமளே செஞ்சா கால்வாசிக் காசுல முடிஞ்சிடும்” என்றாள்.

இல்லறத்தில் பெருஞ்செலவுகள் யாவும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.

மைக்கேல் ஃபாரடே என்னும் விஞ்ஞான மேதை, 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தி, ஒரே ஒரு மெழுகுத்திரியை முன்வைத்து ரசாயன சாஸ்திரத்தின் அடிப்படைகளையெல்லாம் விளக்கினார். அதே மெழுகுத்திரியை முன்வைத்துப் பொருளாதார சாஸ்திரத்தையும் விளக்க முடியும் என்பதை நான் என் சமையலறையிலேயே கற்றேன். சோயா மெழுகு ஐம்பது டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும் சாதுவான வஸ்து. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்தால் போதும், வேறு உபகரணம் வேண்டியதில்லை. இதுவரைக்கும் சிக்கனம்தான். சூட்சுமம் வாசனையில் இருக்கிறது. சாம்பாரில் பெருங்காயம்போல ஒரு சிட்டிகை விட்டால் வீடு மணக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மெழுகின் எடையில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு வரை வாசனைத் தைலம் சேர்த்தால்தான் எரியும்போது மூக்குக்கு எட்டும். 200 கிராம் மெழுகுக்கு எட்டு சதவீதம் என்று கணக்கிட்டால் 16 கிராம். கடைகளில் பத்து மில்லிக் குப்பிகளாக விற்கிறார்களே, அந்தத் தைலத்தில் ஒரு குப்பி முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு மெழுகுத்திரிக்குக் காணாது. அதிலும் அசல் சந்தனம், அசல் மல்லிகை என்று ஆசைப்பட்டால், மெழுகை ஒதுக்கிவிட்டு அதே பணத்துக்குத் தங்கக் காசு வாங்கிக்கொள்வது விவேகம்.

வாசனையின் விலையைப் பற்றித் தமிழன் அங்கலாய்ப்பது புதிதன்று. நீரிணைக்கு அப்பால், கர்ப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், அங்கு வந்து சேரும் மரக்கலத்தார் கஸ்தூரியின் விலையை அளவாக வைத்துப் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அதில் விதித்திருக்கிறார்கள். அன்று நம்மவர்கள் அக்கரையில் அமர்ந்து வாசனைக் கணக்கில் வசூலித்தார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து இக்கரையில் அமர்ந்து நான் வட்டியோடு திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.

திரியின் உபத்திரவம் தனி. குப்பியின் அகலத்துக்கேற்ற திரியாக இல்லாமல் மெலிந்ததாயின், நடுவில் மட்டும் குழிபறித்துக்கொண்டு கீழே இறங்கி, சுற்றிலும் வெள்ளைச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, தான் உருக்கிய மெழுகிலேயே மூழ்கி உயிர்விடும்; தடித்ததாயின் புகைந்து கண்ணாடியைக் கரியாக்கும். முதன்முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுவதும் உருகி விளிம்பைத் தொடும்வரை அணைக்கலாகாது என்பது இக்கலையின் நியதி. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அந்தச் சில மணி நேரமும் சுடர் அசையாதிருக்க வேண்டுமானால் காற்று அசையக் கூடாது. காற்று அசையாதிருக்க வேண்டுமானால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, லவண்டர் மணத்தில் மனச்சாந்தி பெறுவதற்காகக் குடும்ப சமேதராய் உட்கார்ந்தோம். சாந்தி வருவதற்கு முன்பு வியர்வை வந்தது. வியர்வைக்கும் தனக்கென்று ஒரு வாசனை உண்டாகையால் லவண்டர் தோற்றது. என் மைத்துனர், குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். அறையைச் சூடாக்கும் நெருப்பையும் அதைக் குளிர்விக்கும் யந்திரத்தையும் ஒரே சமயத்தில் இயக்கி, இரண்டுக்கும் பணம் கட்டுவதைச் சிக்கனத்தின் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று மின்கட்டணச் சீட்டு வந்த அன்று அவரைத் தேடினேன், அகப்படவில்லை.

குப்பிக்குக் காசு கொடுப்பதாவது என்று பழைய குப்பிகளைச் சேகரிக்கும் இயக்கமும் உடன் தொடங்கியது. காயா, காப்பித்தூள், ஊறுகாய் என்று எது கண்ணாடியில் வந்தாலும், உள்ளிருக்கும் பண்டத்தைக் காலி செய்வது குடும்பத்தாரின் கடமையாயிற்று. ஒரு வெள்ளிக் குப்பியை மிச்சம் பிடிப்பதற்காகக் காலையும் மாலையும் ரொட்டியில் காயா தடவித் தின்று நீரிழிவு மருத்துவரிடம் பேச்சு வாங்கினேன். மாங்காய் ஊறுகாய் இருந்த குப்பியை எத்தனை சிரத்தையோடு கழுவினாலும் அது தன் பூர்வாசிரமத்தை மறப்பதில்லை. அதில் வார்த்த ரோஜா மெழுகை ஏற்றியபோது பக்கத்து வீட்டார் வந்து, இன்றைக்கு என்ன விசேஷம், தயிர்ச்சாதமா என்று விசாரித்தார்கள்.

ஆனால் என்னை மெய்யாகவே உறுத்திய விஷயம் வேறு. 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் வாணிப நோக்கோடு செம்பனையைப் பயிரிட்ட நாள்தொட்டு, அந்த மரம் இந்நாட்டு மண்ணை ஆள்கிறது. அதன் குலையை வெட்டியும் உதிரிப்பழம் பொறுக்கியும் நம் ஜனங்கள் இரண்டு மூன்று தலைமுறை முதுகு வளைந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இதே செம்பனை எண்ணெயை வைத்துத்தான் லண்டன் ப்ரைஸ் கம்பெனியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மெழுகுத்திரி வார்த்துப் பெருஞ்செல்வம் குவித்தார்கள். இங்கிருந்து பாசிர் கூடாங் துறைமுகம் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கிறது. செம்பனை எண்ணெயைச் சுத்திகரித்து, பிரித்து, உலகெங்கும் சவுக்காரத்துக்கும் மெழுகுக்கும் அனுப்பும் ஆலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து வரும் சோயா மெழுகைக் கிலோ விலைக்கு வாங்கி, அது ‘இயற்கையானது’ என்று நாம் மகிழ்கிறோம். செம்பனை என்ன செயற்கையா?

சவுக்காரத்தின் கதைக்கு வருவோம். பால்மரம் வெட்டி, லயத்தில் குடியிருந்த எங்கள் அம்மா காலத்தில், குளிக்கவும் துவைக்கவும் ஒரே சவுக்காரம்தான். மஞ்சள் நிறத்தில் நீளக் கட்டையாகத் தோட்டத்துக் கடையில் வாங்கி, நூலால் அறுத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள்; காய்ந்த கட்டி சீக்கிரம் கரையாது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எந்தச் சர்வகலாசாலையும் தேவைப்படவில்லை. தலைக்குச் சீயக்காய், நல்ல நாளுக்குப் பயத்தமாவு. வாசனை வேண்டுமென்று யாரும் கேட்டதாக நினைவில்லை. ரப்பர்ப்பால் நாற்றம் போனாலே அது வாசனைதான்.

மெழுகில் கைதேர்ந்த என் மனைவி, சவுக்காரத்தையும் நாமே காய்ச்சினால் என்ன என்று கேட்டபோது, நல்லவேளையாக விஞ்ஞானம் என் பக்கம் நின்றது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடிச் சவுக்காரமும் கிளிசரினுமாக மாறுவதே இதன் ரகசியம். ஆயிரம் கிராம் செம்பனை எண்ணெய்க்குச் சோடா ஏறத்தாழ 140 கிராம். அதே அளவு தேங்காயெண்ணெய்க்கு 180 கிராமுக்கும் மேல். இந்தக் கணக்குத் தவறிச் சோடா மிகுந்தால் அழுக்கோடு தோலும் போகும். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். தண்ணீரைச் சோடாவின்மேல் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். இவ்வளவும் தப்பிப் பிழைத்து வார்த்தெடுத்த கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஆறப்போட வேண்டும். அதுவரை அழுக்கோடு காத்திருப்பது கணவன் கடமை. செலவைக் குறைக்க, அரசாங்கம் ஏழைகளின் அடுப்புக்காக மானியம் கொடுத்து இரண்டரை வெள்ளிக்கு விற்கும் ஒரு கிலோ பொட்டல எண்ணெயைக் கொண்டு காய்ச்சலாம் என்று மைத்துனர் மறுபடியும் தலைகாட்டினார். ஒருவர் வடை சுடுவதற்காகக் கொடுத்த எண்ணெயில் இன்னொருவர் முதுகு தேய்ப்பது தர்மமாகாது என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆகவே சவுக்காரத்தை வாங்குவதென்று தீர்மானமாயிற்று. எங்கள் தாமானிலேயே ஒரு பெண்மணி கைப்படச் சவுக்காரம் செய்து விற்கிறார். ஒரு கட்டி பதினெட்டு வெள்ளி. நான் முகம் சுளித்ததைக் கண்டு, “அண்ணே, ஓரம் வெட்டின துண்டு இருக்கு, நிறுத்துத் தரவா?” என்றார். நேர்கோட்டுக்காக வெட்டித் தள்ளப்பட்ட அந்த ஓரங்கள் அதே எண்ணெய், அதே வாசனை, அதே ஆறு வாரத் தவம். கோணல் மட்டுமே அதிகம். விலையோ பாதிக்கும் கீழே. என் முதுகுக்குக் கோணல் தெரியாது. சிக்கனம் என்ற பெயரில் நான் கண்ட உபாயங்களுள் உருப்படியானது இந்த ஒன்றுதான். வாங்கிய துண்டுகளைத் தண்ணீர் தேங்காத தட்டில் வைப்பதும், மிச்சத்தைத் துணி அலமாரியில் போட்டு வைப்பதும் அவர் கற்றுத் தந்தவை. இவ்வூர் ஈரக்காற்றில் கிளிசரின் தண்ணீரை இழுத்துக்கொள்வதால், திறந்து வைத்த கட்டி நம்மைவிட அதிகமாக வியர்க்கிறது.

அதற்கும் வசதிப்படாதவர்கள் ஜொகூர் பாருவின் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் நுழையலாம். தென்னக ரயில்வேயில் மருத்துவராயிருந்த வி. பி. சித்தன், ஊழியர்களின் தோல் உபாதைகளைப் போக்குவதற்காக மூலிகைகளைச் சேர்த்து 1969இல் சென்னையில் தொடங்கிய மெடிமிக்ஸ், கையால் செய்யப்படுவதையே தன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. பட்டுக் காகிதமும் இல்லை, ‘வனம்’ என்ற பெயரும் இல்லை என்பதால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அதன் பக்கத்திலேயே மைசூர் சந்தனச் சோப்பு. முதல் மகாயுத்தத்தால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சந்தனக்கட்டை தேங்கிப்போன சமயத்தில், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916இல் மைசூரில் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியதன் பலன் அது. ஒரு மகாராஜாவும் ஒரு திவானும் நமக்காகக் கவலைப்பட்டு முடித்துவிட்ட காரியத்தில் நாம் மறுபடியும் பணத்தைக் கொட்டுவானேன்?

வாசகர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: சவுக்காரத்தை வாங்குங்கள், ஓரத்துண்டு இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள், மெழுகுத்திரியைச் செய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், எப்படியும் கல்யாண வீட்டில் கொடுத்துவிடுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்கிறவர்கள் குப்பிக்காகக் காயா தின்ன வேண்டாம். எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே ஏராளமாக இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஊறுகாய்க் குப்பி எது என்று மட்டும் என்னால் சொல்ல இயலாது.