வண்டி வண்டியாய்க் கேள்விகள்

கே: அப்பா பூ ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டிய 1992 மாடல் டாடா மொபைல் 206 வாசலிலேயே நிற்கிறது. உள்வேலை முழுக்க நானே செய்ய ஆசை. சீட்டில் ஆரம்பிக்கட்டுமா, டேஷ்போர்டிலா?
– வாசகர், அல்சூர்

ப: இரண்டிலும் வேண்டாம், தம்பி. சீட்டைக் கழற்றி வெளியே வையுங்கள். காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை உரித்தெடுங்கள். பெங்களூரு மழை முப்பது வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறது. தகட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் தகடு இல்லை. பெயிண்டும் பழக்கமும்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் துருவைத் தொடாதீர்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே நின்று சொம்பால் ஊற்றட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும்: கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதி, பிறகு கண்ணாடியைச் சுற்றிய பீடிங், கடைசியாகக் கூரை விளிம்பு. எடுத்ததுமே கூரையில் கொட்டினால் எல்லா இடமும் நனையும், ஓட்டை மட்டும் ஒளிந்துகொள்ளும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். கதவு உளுத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அந்த மண்தான்.

மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷ், பிறகு ரஸ்ட் கன்வெர்ட்டர், அதன்மேல் ப்ரைமர். ஓட்டை விழுந்திருந்தால் நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங். அதற்குப் பிறகு வயரிங். சீட்டு கடைசி. மணமேடை காயாமல் மாப்பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது.

கே: ஓட்டையில் பட்டி போட்டு பெயிண்ட் அடித்தாலே போதும் என்கிறாரே டிங்கர்?
– வாசகர், கே.ஆர். புரம்

ப: அவருக்குப் போதும்.

கே: பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். பட்டி பூசி மறைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஓசூர்

ப: எனக்குப் பிடித்த கேள்வி! சட்டைப்பையில் ஒரு காந்தம், அதைச் சுற்ற ஒரு மெல்லிய துணி. நலம் விசாரிக்கிற மாதிரி வண்டியைத் தடவிக்கொண்டே வாருங்கள். சக்கர வளைவுக்கு மேல், கதவின் கீழ் ஓரம், படிக்கட்டுத் தகடு ஆகிய மூன்று இடத்திலும் நிதானம். தகட்டில் காந்தம் கவ்வும். பட்டி கனமாக இருந்தால் நழுவும். விரலால் தட்டினாலும் தெரியும். தகடு கணீரென்று பேசும், பட்டி தொப்பென்று முனகும். விற்பவர் முகத்தையும் ஒரு கண் பாருங்கள். காந்தம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கே: பெண் பார்க்கப் பிக்கப்பில் போகலாமா?
– வாசகர், ஜெயநகர்

ப: தாராளமாக. பெண் சரி என்றால் சீர்வரிசைக்கு வேறு வண்டி தேட வேண்டாம்.

கே: ஹெட்லைட் மங்கல். நூறு வாட் பல்பு போட்டுவிடவா?
– வாசகர், பொம்மனஹள்ளி

ப: 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். நூறு வாட் என்றால் எட்டுக்கு மேல். இரண்டு பல்புக்குப் பதினாறைத் தாண்டும். கிழட்டு வயரும் சுவிட்சும் அந்தச் சூட்டில் உருகும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். முதலில் எர்த் வயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ரிலே வையுங்கள். அதே பழைய பல்பு பளிச்சென்று எரியும். வயரிங்கைத் தொடுமுன் பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். நீல விளக்குப் பிரியர்கள் இந்தப் பகுதிக்கு எழுத வேண்டாம்.

கே: என் 206-க்குப் பழைய சுவிட்சு, கைப்பிடி எல்லாம் எங்கே கிடைக்கும்?
– வாசகி, ஃப்ரேசர் டவுன்

ப: புதிதுக்கு ஜே.சி. ரோடு, பழையதற்குச் சிவாஜிநகர் குஜிரி சந்தை. பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள் அம்மா, உடைந்த சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். 206-இன் அடித்தளத்தில்தான் 1991-இல் சியராவும், அடுத்து எஸ்டேட்டும் வந்தன. ஆகவே அந்த இரண்டின் சாமானையும் எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

கே: என் பிக்கப்புக்கு நடுவே வி.ஏ. என்று வரும் வின்டேஜ் நம்பர் கிடைக்குமா? மாடல் 1995.
– வாசகர், இந்திரா நகர்

ப: 2021 விதிப்படி வண்டிக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டும், வாடகைக்கு ஓடவும் கூடாது. 2045-க்குப் பிறகு எழுதுங்கள்.

கே: ரெக்ஸின் வேலையை நானே செய்ய முடியுமா?
– வாசகி, மல்லேஸ்வரம்

ப: முடியும். பழைய உறையைக் கிழிக்காதீர்கள், தையலை மட்டும் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம் எழுதி வையுங்கள்; அதுதான் உங்கள் அளவுச்சட்டம். புது உறையை மாட்டுமுன் சற்று நேரம் வெயிலில் போட்டால் ரெக்ஸின் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும்.

கே: பதினேழு வயது மகன் ஜாக்கி போட்டு, செங்கல் அடுக்கி, வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறான். சொன்னால் சிரிக்கிறான். பயமாக இருக்கிறது.
– வாசகி, கம்மனஹள்ளி

ப: உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பதிலை அவனிடமே படிக்கக் கொடுங்கள்.

தம்பி, ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு சீல் கசிந்தால் வண்டி இறங்கிவிடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் விரிசலைக் காட்டி எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக்கை நம்பாதே. அது பிடிப்பது பின்சக்கரங்களை. அவைதான் தரையிலேயே இல்லையே. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை கொடு. கெட்டியான தரையில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, சேஸிஸை அவற்றின்மேல் இறக்கு. வண்டியை ஒரு தடவை தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போ. பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடை.

அம்மா, அவன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்காதீர்கள். பழசைப் பிரித்துப் பார்க்கத் துணிகிற பிள்ளைகள் குறைவு. ஆனால் ஸ்டாண்டு இரண்டும் வீட்டுக்கு வரும்வரை ஜாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.