பச்சை மை: சான்றொப்பவியலுக்கு ஓர் அறிமுகம்

சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். அவர்கள் காலத்தில் தாலுகா ஆபீஸ் இல்லாததால் ஆறாவது திணை விடுபட்டுப் போயிற்று. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப் பொருள், கெஜட்டட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்குதல். ஆய்வுக் களம், திருச்சி மாவட்டம் மணப்பாறை. நீட்சியாகத் திருச்சியும் சென்னையும். ஆய்வுக் காலம், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை. அதாவது இந்த ஆய்வாளன் பத்தாம் வகுப்பு தேறி, கல்லூரிக்குப் போய், வேலை தேடி அலைந்து, ஒருவழியாக ஒன்றில் ஒட்டிக்கொண்ட காலம்.

முதற்பொருள்: நிலம், அரசு அலுவலக வராந்தா. பெரும்பொழுது, பரீட்சை ரிசல்ட் வந்த பின்பான ஜூன் மாதம். சிறுபொழுது, அதிகாரி பதினோரு மணி டீயைக் குடித்து முடித்ததற்கும் சாப்பாட்டுக்கு எழுவதற்கும் இடைப்பட்ட நேரம். கருப்பொருள்களில் தெய்வம், கெஜட்டட் ஆபீசர். மரம், வாசல் வேம்பு. பறை, மேசை மணி. தொழில், ‘சார் மீட்டிங்ல இருக்காரு’ என்று சொல்லுதல். உரிப்பொருள், காத்திருத்தல். இருத்தல் முல்லைக்கு உரியது என்பதால் இதை முல்லையின் கிளைத்திணை என வாதிடலாம். ஆனால் முல்லைத் தலைவிக்குக் கார்காலத்தில் தலைவன் வந்துவிடுவான் என்ற உத்தரவாதமாவது இருந்தது. பி.டி.ஓ.வைப் பற்றி அப்படி எந்த இலக்கண நூலும் உறுதி சொல்லவில்லை.

செல்போன் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். அன்று எந்த விண்ணப்பத்தோடும் சான்றிதழ் நகல்களை இணைக்க வேண்டும். நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று ஓர் அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்டு, பெயரும் பதவியும் உள்ள ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, கோபுர சீலும் வைக்க வேண்டும். பச்சை எதற்கு என்று கேட்டால் யாரும் விதி எண் சொன்னதில்லை. 1909இல் பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறையின் முதல் தலைவரான மான்ஸ்ஃபீல்ட் கம்மிங் பச்சை மையில்தான் எழுதுவார். பின்னால் வந்த தலைவர்களும் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆக, லண்டனில் உளவுத்துறைத் தலைவர், இங்கே நம் வட்டார வளர்ச்சி அலுவலர். இருவரையும் நேரில் பிடிப்பது ஏறக்குறைய ஒரே அளவு கஷ்டம்.

நகலுக்கும் வரலாறு உண்டு. 1938 அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்தார். 1959இல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் வெளிவந்தது. அந்த இனம் பெருகி எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து சேரும்வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான் கதி. மாஸ்டர் மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி அடித்து, கடைசியில் இரண்டு சாய்கோடு, ‘ட்ரூ காப்பி’, மறுபடி இரண்டு சாய்கோடு போட்டுக் கொடுப்பார். லோயர் படிக்கிற பிள்ளைகளிடம் அந்த வேலையை விட்டால் கணக்கில் 78 எடுத்தவன் 87 எடுத்துவிடுவதும் உண்டு. அதிகாரி அதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார் என்பது ஐதீகம்.

இந்த இடத்தில் ஆய்வு ஒரு சிக்கலில் மாட்டுகிறது. நகல் அசலைப் போல இருக்கிறதா என்பதில் அரசாங்கத்துக்கு இவ்வளவு அக்கறை. அசல் எதைப் போல இருக்கிறது?

பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது பூர்த்தி. தொட்டவுடன் வாத்தியார் ஒரு தேதி போட்டுவிடுவார். அவர் போடும் தேதி பெரும்பாலும் மே மாதத்தில் விழும். பள்ளிப் பதிவேடுகளை மட்டும் நம்பும் ஆய்வாளர், அக்காலச் சிற்றூர்த் தாய்மார்கள் கோடை விடுமுறையில்தான் பிள்ளை பெற்றார்கள் என்று முடிவு கட்ட நேரிடும். அடுத்தது அங்க அடையாளம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு இரண்டு மச்சம் தேவை. வகுப்பாசிரியர் பையன்களை வரிசையில் நிறுத்திச் சட்டையை விலக்கச் சொல்லித் தேடுவார். ஒன்று கிடைத்து இரண்டாவது கிடைக்காமல் போனால், ‘கொசுக்கடிதான் சார்’ என்று பையன் மறுத்தாலும் அது வலது முழங்கைக்குக் கீழ் மச்சமாகப் பதிவாகிவிடும். கொசுக்கடி மூன்று நாளில் மறையும். பதிவு வேலையில் சேரும் நாள்வரை கூட வரும். இப்படி உருவான ஓர் அசலின் நகலில் ஒரு புள்ளி பிசகக்கூடாது என்பதற்குத்தான் அத்தனை பச்சை மையும் செலவாயிற்று.

எங்கள் ஊரில் யார் யார் கெஜட்டட் என்பது வாய்மொழியாகப் பரவும் ஞானம். அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், பி.டி.ஓ., ஆஸ்பத்திரி டாக்டர், இவர்களோடு மாட்டு டாக்டர். மணப்பாறைக்கு முறுக்கும் மாட்டுச் சந்தையும்தான் அடையாளம் என்பதால் மாட்டு டாக்டருக்கு ஊரில் மவுசு அதிகம். ஆனாலும் பையன்கள் அவரிடமே போனதற்குக் காரணம் வேறு. ‘நாளைக்கு வா’ என்று சொல்லாத ஒரே அதிகாரி அவர்.

ஆய்வாளன் போனபோது இரும்புச் சட்டத்துக்குள் ஒரு பசு நின்றுகொண்டிருந்தது. டாக்டரின் வலக்கை, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழ்வரை அதற்குள் இருந்தது. கையை வெளியே எடுக்காமலே திரும்பிப் பார்த்து, ‘எந்த வீட்டுப் புள்ளப்பா நீ?’ என்றார். அப்பா பெயரையும் தெருவையும் சொன்னதும், ‘செவலை வச்சிருக்கற வீடா? இப்ப ஒழுங்கா தீனி எடுக்குதா?’ என்று கேட்டார். எடுக்கிறது என்று பதில் சொல்லப்பட்டது. லைஃப்பாய் போட்டுக் கை கழுவி வந்து, நகல்களை வாங்கி, தடுப்பூசி மருந்துப் பெட்டியின் மேல் வைத்து மடமடவென்று கையெழுத்திட்டார். அசல் ஆய்வாளனின் கையிலேயே இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை. ஆய்வாளனின் கல்வித் தகுதிக்கு அன்று ஜாமீன் நின்றது அந்தச் செவலைப் பசு.

திருச்சிக் கல்லூரிக் காலத்தில் இத்துறையின் தத்துவச் சிக்கல்கள் மேலும் ஆழமாயின. தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்ப் படித்த அந்தக் கல்லூரி அரசு உதவி பெறுவது. அரசுக் கல்லூரி அல்ல. எனவே அங்கிருந்த முனைவர்கள் எவரும் கெஜட்டட் இல்லை. வருஷக்கணக்கில் பாடம் நடத்திய துறைத் தலைவர் கையெழுத்திட்ட நகல், வேலைக்கு ஆள் எடுக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. மாட்டு டாக்டர் கையெழுத்திட்ட நகல் எங்கேயும் திரும்பியதில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் இதைவிட நுட்பமானது. ‘இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும், இவர் எனக்கு உறவினர் அல்லர்’ என்று, சற்றுமுன் அறைக்குள் வந்தவனைப் பற்றி எழுதித் தர வேண்டும். உறவினர் அல்லர் என்ற பாதியாவது எப்போதும் உண்மையாக இருந்தது.

பிறகு சென்னை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் கட்டில். தமிழ்நாட்டிலேயே பச்சை மை அடர்த்தி மிகுந்த பகுதி எழிலகத்தைச் சுற்றியுள்ள சேப்பாக்கம்தான். மேன்ஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். அறைக்கு அறை கெஜட்டட் ஆபீசர்கள். ஆனால் முதல் கேள்வி, ‘நீங்க யாரு?’ இரண்டாவது கேள்வி, ‘யாரைத் தெரியும்?’ மூன்றாவதுக்கு அவசியம் இருக்காது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆசை விடாத மேன்ஷன்வாசிகள் சனிக்கிழமை இரவு பாரிமுனையில் பஸ் ஏறினார்கள். தூத்துக்குடிக்காரன் தூத்துக்குடிக்கும், ஆரணிக்காரன் ஆரணிக்கும் போய், அதிகாரியின் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து வாங்கி வந்தார்கள். அம்மாவைப் பார்க்கப் போனதாக வெளியே சொல்லிக்கொண்டார்கள். சொந்த ஊர் என்பதற்கு ரேஷன் கார்டை வைத்தும் குலதெய்வத்தை வைத்தும் வரையறை சொல்லப்படுகிறது. இரண்டுமே போதாதவை. எந்த ஊரில் ஒருவனிடம் அசலைக் கேட்காமல் நகலில் கையெழுத்துப் போடுகிறார்களோ, அதுவே அவன் ஊர்.

2013இல், சுயச் சான்றொப்பமே போதும் என்று மத்திய அரசு துறைகளுக்குச் சொல்லத் தொடங்கியது. 2015இல் டிஜிலாக்கர் வந்தது. இன்று ஒருவன் தன் மார்க் ஷீட் உண்மை என்று தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறான், நீல மையில். வராந்தா பெஞ்சில் இப்போது வேறு ஆட்கள் வேறு காரியங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அலைச்சல் ஒழிந்தது நல்லதுதான், அதில் ஆய்வாளனுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு துறையின் மூலச்சான்றுகள் டிரங்குப் பெட்டிகளில் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சை மைக் கையெழுத்தோடு பழைய நகல்கள் வைத்திருப்போர் இவ்வாய்வுக்கு அனுப்பி உதவலாம். அசல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். அந்த ஜெராக்ஸில் அவசியம் ஒரு கெஜட்டட் ஆபீசரின் கையெழுத்து இருக்க வேண்டும்.