அனலைதீவுக் கரைநடை மான்மியம்

கடல்சூழ் இலங்கையின் கரைகளை இமைகொட்டாது காத்தருளும் போக்குவரத்துத் துரைமார்களுக்கும், துறைமுகப் பெருந்தகைகளுக்கும், சுற்றுலா வளர்க்கும் செம்மல்களுக்கும் அடியேன் தெண்டனிட்டு எழுதுவது.

சொந்த வாகனம் இல்லாதவனும் பொதுப் பஸ்ஸில் ஏறிக் கடற்கரை சேர்ந்து, கரையோரமாகக் கால் கடுக்க நடந்து, பொழுதுபடமுன் வீடு திரும்ப வேண்டும் என்றொரு அற்ப ஆசை உலகெங்கும் பரவிவருகிறது. அந்த ஆசைக்கு விடையாக அனலைதீவில் தாங்கள் அமைத்தருளியிருக்கும், சரியாகச் சொன்னால் அமைக்காமலே அருளியிருக்கும், நடைவழியின் புகழைப் பாடாதிருந்தால் அடியேன் நன்றி கொன்றவன் ஆவேன்.

வேல்ஸ் நாட்டவரை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. 2012இல் அவர்கள் தங்கள் கடலோரம் முழுவதையும் 870 மைல் நீளத்தில் ஒரே நடைவழியாகத் திறந்துவிட்டார்கள். வழிநெடுக அடையாளக் குறிகள். நடந்து களைத்தவன் பக்கத்து ஊருக்கு ஏறினால் பஸ் நிறுத்தம்; அதில் நேர அட்டவணை வேறு. வழி தவறவோ, இரவு முழுவதும் கடற்கரையில் கிடந்து ஞானம் பெறவோ பாவம் அவர்களுக்கு ஏது வாய்ப்பு? நம் நாட்டு மலையகத்துக்கும் அந்நோய் தொற்றிவிட்டது. பீக்கோ நடைவழி என்ற பெயரில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை 22 கட்டங்களாகப் பிரித்து, தொடக்கம் இது, முடிவு இது என்று சொல்லிக் கொடுத்தே கெடுத்துவிட்டார்கள். வடகடல் தீவுகளை அந்தத் தொற்று அண்டாமல் காத்த புண்ணியம் முழுவதும் தங்களையே சேரும்.

யாழ்ப்பாணத்துப் பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருமருங்கும் ஆழமற்ற கடல் விரிகிறது. களங்கண்ணித் தடிகளின் மேல் கொக்குகள் நிற்கின்றன. இந்த அழகில் தங்கள் கைவண்ணம் எதுவும் இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, நாரந்தனை, கரம்பொன் என ஒவ்வோர் ஊராக நின்று வணங்கி பஸ் ஊர்காவற்றுறையை அடைகிறது. தங்கள் திருவிளையாடல் அங்கேதான் தொடங்குகிறது.

சூரியனும் சந்திரனும் அமாவாசையன்றாவது கூடுகின்றன. ஊர்காவற்றுறை பஸ்ஸையும் அனலைதீவு வள்ளத்தையும் அப்படிக் கூடவிடாமல் தாங்கள் காத்துவரும் ஒழுக்கம் புராணங்களிலும் காணக் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கித் துறைக்கு ஓடுபவனுக்கு வள்ளத்தின் பின்புறம் தெளிவாகத் தெரிகிறது. அதன் புகையும் நன்றாக மணக்கிறது. அடுத்த வள்ளம் எப்போது என்று கேட்டால், ஆட்கள் சேர்ந்தால், காற்று விட்டால், டீசல் வந்தால் என்று மூன்று நிபந்தனைகளோடு பதில் வரும். எழுதி ஒட்டிய நேரம் பொய்க்கக்கூடும் அல்லவா? எழுதாத நேரம் ஒருநாளும் பொய்க்காது. என்னே தங்கள் வாய்மை!

காத்திருக்கும் கண்களுக்கும் விருந்து வைத்திருக்கிறீர்கள். துறைக்கு எதிரே கடலின் நடுவில் ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பின்னாளில் சிறையாகவும் இருந்து, இன்று விருந்தினர் விடுதியாகப் பொலிகிறது. அங்கே தங்கப் போகிறவர்களுக்குப் படகு கிடைப்பதில் தடையேதும் இல்லை. தீவில் பிறந்தவர்கள் துறையில் குந்தியிருந்து அந்தக் காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு நீங்கள் ரிக்கற் போடவில்லை. என்ன பெருந்தன்மை!

வள்ளத்தினுள் நிலவும் சமத்துவத்தை எந்த அரசியல் சாசனமும் இதுவரை எட்டியதில்லை. சீமெந்து மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், பள்ளி ஆசிரியை, பிள்ளைத்தாய்ச்சி, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருக்கும் கிழவர் ஆகிய யாவரும் அங்கே ஒரே சுமை. உயிர்காப்பு அங்கிகள் கசங்கிவிடக் கூடாதே என்று கட்டிய கட்டு அவிழாமல் பேணப்படுவதைக் கண்டு உள்ளம் நெகிழாதவர் யார்? சோளகம் பெயர்ந்து கடல் எழும்பும் மாதங்களில் அலைத்தண்ணீரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கும் இடமில்லை என்று சொல்லுவாரில்லை.

ஒல்லாந்தர் அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்று தங்கள் துறைமுக நகரின் பெயரைச் சூட்டினார்கள். அந்த ரொட்டர்டாம் ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமாகி ஆரவாரத்தில் அழிந்துபோனது. நமது ரொட்டர்டாமோ தங்கள் அருளால் இன்னும் வள்ளம் கட்டும் துறையாகவே தன் கன்னிமையைக் காத்து வருகிறது.

ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர் தீவு. பனங்கூடல், புகையிலைத் தோட்டம், ஐயனார் கோவில் எல்லாவற்றையும் கண்டுகொண்டு கரையோரமாகவே ஒரு பகலில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் கரை எது என்று கண்டுபிடிப்பதிலேதான் தங்கள் கலைத்திறம் வெளிப்படுகிறது. வெறும் மணலைப் பார்த்து மனிதருக்குச் சலிப்புத் தட்டுமே என்று அதன்மேல் பிளாஸ்ரிக் போத்தல்களால் பாவாடை விரித்திருக்கிறீர்கள். ஒற்றைச் செருப்புகள், மருந்துக் குப்பிகள், றெஜிபோம் துண்டுகள், அறுந்த நைலோன் வலைகள்! அக்கரை தமிழ்நாட்டின் பெயர் பொறித்தவையும் இக்கரைக் கொழும்பின் பெயர் பொறித்தவையும் பகை மறந்து ஒன்றாய்க் கிடக்கின்றன. மீன்பிடி எல்லை குறித்து இரு நாடுகளும் ஆண்டாண்டாகப் பேசியும் காணாத ஒற்றுமையை இந்தக் குப்பை கண்டுவிட்டது. இதை அள்ள ஆள் அனுப்பாத தங்கள் தூரதிருஷ்டியை என்னென்பது! வலையில் காலோ கழுத்தோ சிக்கும் கடலாமைகூட அசையாமல் நின்று தங்களுக்கு மரியாதை செய்கிறது.

நிழலுக்கு ஒரு கொட்டிலோ, வாய் நனைக்க நல்ல தண்ணீரோ வழியில் இல்லாதது குறையென்று சில அற்பர் கூறுவர். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கும் தீவு இது. கூட இறைத்தால் உப்பு ஏறும். இங்கே தாகம் எடுத்தவனுக்கே தண்ணீரின் அருமை தெரியும் என்ற உயர்ந்த கல்வி நோக்கம் அவர்களுக்கு எப்படி விளங்கும்?

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு ஔவை மெய்சிலிர்த்ததைப் படித்திருக்கிறேன். பீலி சூட்டி, நெய் பூசி, ஒரு பொழுதும் போர்க்களம் காணாமல் மினுங்கிய ஆயுதங்கள் அவை. நம் நாட்டுக் கரைகளில் நாடா வெட்டித் திறந்து, பெயர்க்கல் பதித்து, அன்றே பூட்டிய கழிப்பறைகளைக் காணும்போதெல்லாம் அந்த ஔவை இன்றில்லையே என்று ஏங்குகிறேன். பெயர்க்கல்லில் ஒரு கீறலும் இல்லை. பூட்டிலும் துரு ஏறவில்லை. எண்ணெய் விட்டுப் பேணுகிறார்கள் போலும்.

தீவுக்கு வெளிச்சம் கொண்டுவரும் விடயத்தில் உலகமே போட்டியிட்டது என்பதையும் நன்றியோடு பதிகிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் வெயிலும் கலந்து மின்சாரம் எடுக்கும் வேலை 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா முகம் சுளித்தது, வேலை நின்றது. பின்னர் இந்தியாவே ஒரு கோடி 10 லட்சம் டொலர் மானியம் தருவதாகச் சொல்லி, 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரு பெரும் அரசுகள் இந்தச் சின்னஞ்சிறு தீவுக்கு விளக்கேற்ற மல்லுக்கட்டின. வள்ளம் எத்தனை மணிக்கு என்ற சிறு வெளிச்சத்தைத் தர மட்டும் எந்த அரசும் போட்டிக்கு வரவில்லை. அந்தப் புகழைத் தாங்கள் பிறருடன் பங்குபோட விரும்பாததே காரணமாயிருக்கும்.

சுற்றுலாப் பயணிக்கு மட்டுமே இந்த ஏற்பாடு என்று எண்ணி ஊரார் பொறாமைப்படலாகாது என்பதிலும் கவனமாக இருக்கிறீர்கள். ஒரு கையொப்பத்துக்காக ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகம் போகும் கைம்பெண்ணும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும் ஆண்டு முழுவதும் இதே பஸ்ஸையும் இதே வள்ளத்தையும் இதே காத்திருப்பையும் அனுபவிக்கிறார்கள். இரவில் நெஞ்சுவலி கண்டவருக்கோ கடலும் விண்மீனும் சேர்ந்த பயணம் வாய்க்கிறது, வள்ளக்காரர் எழும்பி வந்தால். இவ்வளவு இன்பத்தையும் தாங்கமாட்டாத பலர் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். போரும் அவர்களைத் துரத்தியது உண்மைதான். போர் முடிந்த பின்னும் திரும்பாமல் இருக்கச் செய்ததில் தங்கள் பங்கை யாரும் மறைக்க முடியாது. பூட்டிய வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் பெருகியதால் நடைவழியில் இப்போது நெரிசல் இல்லை. வேல்ஸ்காரர் இந்த அமைதிக்கு எங்கே போவார்கள்?

ஆகவே தங்கள் திருப்பாதங்கள் ஒருநாள் இந்தக் கரையில் படவேண்டும் என்பதே அடியேனின் விண்ணப்பம். வாகனத் தொடரும் தனிப்படகும் தங்கள் எளிமைக்குப் பொருந்தா. பஸ் நிலையத்தில் எங்களோடு நின்று ஏறி வாருங்கள். குடிதண்ணீரும் மாற்றுடுப்பும் இரவுக்கு ஒரு பாயும் கையோடு இருக்கட்டும். திரும்பும் வள்ளம் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதல்நாளே இரண்டு துறைகளிலும் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு வாருங்கள். தங்கள் தயவால் ஊராரும் அதைத் தெரிந்துகொள்வார்கள்.